எண்முகி அணைவில் டி ஆர்பிட்டால் பிளவு: மனப்பாடம் இல்லாமல் வரைய ஒரு வழி

நடுவில் ஓர் உலோக அயனி, அதைச் சுற்றி அதோடு இணைந்த மூலக்கூறுகளோ அயனிகளோ: இதுதான் அணைவு. சுற்றி நிற்பவை உலோகத்தின் ஐந்து டி ஆர்பிட்டால்களை (எலக்ட்ரான் உட்காரும் இடங்களை) ஆற்றலில் மேல், கீழ் என்று பிரித்துவிடும், அதுதான் பிளவு. இதைப் பற்றி மாணவியாக இருந்தபோது நான் கேட்டு, பதில் கிடைக்காமல் போன கேள்வி ஒன்று உண்டு. ஃபுளோரைடு அயனிக்கு எதிர்மின்சுமை இருக்கிறது. கார்பன் மோனாக்சைடுக்கு மின்சுமையே கிடையாது. ஆனால் டி ஆர்பிட்டால்களைப் பிளப்பதில் ஃபுளோரைடு பின்வரிசையில் நிற்கிறது, கார்பன் மோனாக்சைடு முதல் வரிசையில் நிற்கிறது. "மின்சுமைதான் விரட்டுகிறது என்றீர்களே, அப்புறம் இது எப்படி?" என்று கேட்டேன். "வரிசையை அப்படியே எழுது, மதிப்பெண் வரும்" என்றார்கள். மதிப்பெண் வந்தது. கேள்வி போகவில்லை.

இப்போது 18 வருடமாக நானே கனிம வேதியியல் சொல்லிக் கொடுக்கிறேன். அந்தக் கேள்வியை மனதில் வைத்துத்தான் பாடத்தின் வரிசையையே மாற்றிக்கொண்டேன். முதலில் வடிவம், பிறகு எலக்ட்ரான், கடைசியில் பிணைப்பு. யார் அதிகம் பிளப்பார், யார் குறைவு என்று அடுக்கும் நிறமாலை வேதி வரிசையை எடுத்த எடுப்பில் கரும்பலகையில் எழுதுவதே இல்லை. பாடம் முடியும்போது அது தானாக வந்து நிற்க வேண்டும்.

ஒரு பெயர்ச் சிக்கலை மட்டும் முன்கூட்டியே தீர்த்துவிடுகிறேன். எண்முகிப் புலத்தில் ஐந்து டி ஆர்பிட்டால்களும் மூன்றாகவும் இரண்டாகவும் பிரியும். மூன்றுக்கு நூல்களில் டி2ஜி என்று பெயர், இரண்டுக்கு இஜி. தமிழில் எழுதினால் ஆர்பிட்டாலின் டியும் இந்த டியும் ஒரே எழுத்தாகிவிடும், மாணவர்கள் குழம்பிப் போவார்கள். அதனால் என் வகுப்பில் அவை மூவர் அணி, இருவர் அணி. தேர்வுத் தாளில் முறையான பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.

கையில் ஒரு எண்முகி

களிமண் உருண்டை ஒன்றும் தீக்குச்சி ஆறும் எடுத்துக்கொள்ளுங்கள். உருண்டைதான் உலோக அயனி. இடமும் வலமுமாக இரண்டு குச்சி, முன்னும் பின்னுமாக இரண்டு, மேலும் கீழுமாக இரண்டு குத்துங்கள். குச்சியின் மருந்து முனைதான் ஈனி, அதாவது உலோகத்தோடு இணையும் மூலக்கூறு அல்லது அயனி (லிகண்ட் என்று படித்தவர்களுக்கும் இதேதான்). இடம்–வலம் எக்ஸ் அச்சு, முன்–பின் ஒய், மேல்–கீழ் இசட். குச்சிகள் ஆறுதானே, எண்முகி என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்று ஒவ்வொரு வருடமும் யாராவது கேட்பார்கள். பக்கத்துப் பக்கத்து முனைகளை மும்மூன்றாக நூலால் இணைத்துப் பாருங்கள், எட்டு முக்கோணம் கிடைக்கும். ஆல்ஃபிரட் வெர்னர் 1893இல் கோபால்ட் சேர்மங்களுக்கு இந்த வடிவத்தைச் சொன்னபோது எலக்ட்ரானே கண்டுபிடிக்கப்பட்டிருக்கவில்லை. எத்தனை மாற்றியங்கள் (அதே அணுக்கள், வேறு அடுக்கு) கிடைக்கின்றன என்று எண்ணியே அவர் வடிவத்தைப் பிடித்தார். நமக்குக் களிமண்ணாவது இருக்கிறது.

இனி அட்டையில் நான்கு இதழ் கொண்ட பூ ஒன்றை வெட்டி, நடுவில் உருண்டை நுழையும் அளவுக்கு ஓட்டை போடுங்கள். பூவைக் கிடைமட்டமாகப் பிடித்து, நான்கு இதழும் நான்கு குச்சிகளின் மேல் படியும்படி வையுங்கள். ஒவ்வொரு இதழும் ஓர் ஈனியை நேராக முட்டுகிறது. இது எக்ஸ்²−ஒய்² ஆர்பிட்டால். அப்படியே 45 பாகை திருப்புங்கள். இதழ்கள் குச்சிகளுக்கு நடுவே உள்ள சந்துக்குள் போய்விடுகின்றன, எந்த ஈனியையும் தொடுவதில்லை. இது எக்ஸ்ஒய். அட்டையைச் செங்குத்தாக நிறுத்தி இதே சந்து வேலையை மற்ற இரண்டு தளங்களிலும் செய்தால் ஒய்இசட், இசட்எக்ஸ் கிடைக்கும். மூவர் அணி முடிந்தது. இவை மூன்றும் ஒன்றைத் திருப்பினால் இன்னொன்றாக ஆகிவிடுவதால் ஆற்றலும் ஒன்றே. இதற்கு மேல் நிரூபணம் வேண்டாம்.

பிளவின் காரணம் இவ்வளவுதான். ஈனி தன் தனித்த எலக்ட்ரான் இரட்டையை அச்சு வழியாக நீட்டிக்கொண்டு வருகிறது. அச்சின் மேல் உட்கார்ந்திருக்கும் உலோக எலக்ட்ரானுக்கு அது தொந்தரவு, சந்தில் இருக்கும் எலக்ட்ரானுக்குத் தொந்தரவு குறைவு. ஹான்ஸ் பெத்தே 1929இல் படிகங்களுக்காகப் போட்ட கணக்கின் அடிப்படை இதுதான். படிகப் புலக் கொள்கை என்ற பெயரும் அங்கிருந்தே வருகிறது.

சரி, ஐந்தாவது? இங்கேதான் பாடம் வழுக்கும். இசட்² ஆர்பிட்டாலுக்கு நான்கு இதழ் கிடையாது. மேலும் கீழும் இரண்டு பெரிய மடல், இடுப்பைச் சுற்றி ஒரு வளையம். மடல்கள் இரண்டு ஈனியை மட்டுமே நேராக முட்டுகின்றன. எக்ஸ்²−ஒய்² நான்கு ஈனியை முட்டுகிறது. இரண்டுக்கும் எப்படி ஒரே ஆற்றல்? கூர்மையான மாணவர் எவரும் இந்தக் கேள்வியைக் கேட்பார். கேட்காவிட்டால் நானே கேட்டுவிடுவேன்.

பதிலை இரண்டு விதமாகச் சொல்லலாம். ஒன்று வடிவக் கணக்கு. அச்சில் முட்டும் நான்கிதழ்ப் பூவை மூன்று தளங்களிலும் வைக்கலாம்: எக்ஸ்²−ஒய்², ஒய்²−இசட்², இசட்²−எக்ஸ்². ஆனால் இந்த மூன்றையும் கூட்டினால் பூஜ்ஜியம் வரும். அதாவது இரண்டைச் சொன்னால் மூன்றாவது தானாக வந்துவிடும், மூன்றும் தனித்தனி அல்ல. ஆகவே ஒன்றை அப்படியே வைத்துக்கொண்டு, மிச்சத்தை இசட்²−எக்ஸ்², இசட்²−ஒய்² இரண்டின் கலவையாக எழுதுகிறோம். அந்தக் கலவைக்குத்தான் செல்லமாக இசட்² என்று பெயர். வளையம் முளைத்தது அந்தக் கலப்பினால்.

எனக்குப் பிடித்தது இரண்டாவது விதம், ஏனென்றால் அதில் எண் இருக்கிறது. ஓர் ஆர்பிட்டால் ஓர் ஈனியுடன் எவ்வளவு மேற்பொருந்துகிறது என்பதற்குப் பங்கு போடுவார்கள், கோண மேற்பொருந்தல் முறை என்று பெயர். இசட்² தன் மடல் முனையில் உள்ள ஈனியுடன் கொள்ளும் பங்கு 1. வளையத்தின் மேல் நிற்கும் ஒவ்வோர் ஈனியுடனும் 1/4. எக்ஸ்²−ஒய்² தன் நான்கு ஈனிகளுடனும் கொள்ளும் பங்கு ஒவ்வொன்றும் 3/4. இப்போது கூட்டுங்கள். இசட்²க்கு 1+1, அதோடு நான்கு 1/4, மொத்தம் 3. எக்ஸ்²−ஒய்²க்கு நான்கு 3/4, மொத்தம் 3. இருவரும் சமம். இந்த 3 என்ற எண்ணை நோட்டின் ஓரத்தில் எழுதி வையுங்கள், கடைசியில் தேவைப்படும்.

கோடு போடும் விதம்

படம் வரையும்போது முதலில் நடுவில் ஒரு புள்ளிக்கோடு. ஆறு ஈனிகளின் மின்சுமையும் திசையில்லாமல் உருண்டையைச் சுற்றிச் சீராகப் பரவியிருந்தால் ஐந்து ஆர்பிட்டால்களும் இருக்கும் மட்டம் அது. அதற்குமேல் இரண்டு கோடு, கீழே மூன்று கோடு. மேலுக்கும் கீழுக்கும் உள்ள மொத்த இடைவெளி டெல்டா. மேலே ஏறிய மொத்தமும் கீழே இறங்கிய மொத்தமும் சமமாக வேண்டும். ஆகவே இருவர் 0.6 டெல்டா ஏறினால் மூவர் 0.4 டெல்டா இறங்குவார்கள். 2 × 0.6, 3 × 0.4, இரண்டும் 1.2. நடுக்கோட்டுக்குச் சம தூரத்தில் இரண்டு பக்கமும் வரைந்துவிட்டு 0.6, 0.4 என்று எழுதும் விடைத்தாளை வாரம் ஒன்றாவது பார்க்கிறேன். கோட்டின் உயரத்திலும் அந்த வித்தியாசம் தெரியட்டும்.

அடுத்தது எலக்ட்ரான் எண்ணிக்கை. தனிம வரிசை அட்டவணையில் தொகுதி எண்ணிலிருந்து ஆக்சிஜனேற்ற நிலையைக் கழித்தால் போதும். இரும்பு 8ஆம் தொகுதி, +2 நிலையில் 6 எலக்ட்ரான். கோபால்ட் 9, +3 நிலையில் அதுவும் 6. குரோமியம் 6, +3 நிலையில் 3. நான்கு-எஸ் எலக்ட்ரானை எங்கே வைப்பது என்ற கவலையே வேண்டாம். அயனியானபோதே அது போய்விட்டது.

நிரப்பும்போது 1, 2, 3 வரை யோசனை இல்லை. மூவர் அணியில் ஆளுக்கு ஒன்று. 8, 9, 10க்கும் ஒரே ஒரு வழிதான். சிக்கல் 4 முதல் 7 வரை மட்டும். நான்காவது எலக்ட்ரான் மேலே ஏறுமா, கீழே இருக்கும் ஒருவருடன் நெருக்கியடித்து உட்காருமா? ஏறுவதற்கான செலவு டெல்டா. நெருக்கி உட்காருவதற்கான செலவு இணையாக்கும் ஆற்றல். எது மலிவோ அதுதான் நடக்கும். ஏறினால் உயர் சுழற்சி, நெருங்கினால் தாழ் சுழற்சி. (சுழற்சி என்பது எலக்ட்ரானின் ஸ்பின். ஜோடி சேர்ந்தால் இரண்டின் சுழற்சியும் ஒன்றையொன்று அழித்துவிடும்.)

கோபால்ட் +3ஐ வைத்து முழுக் கணக்கையும் ஒருமுறை போட்டுவிடலாம். ஆற்றலை அலை எண்ணில் சொல்கிறேன், செ.மீ.⁻¹ அலகில். இதன் இணையாக்கும் ஆற்றல் சுமார் 21,000. ஆறு ஃபுளோரைடு சூழ்ந்தால் டெல்டா சுமார் 13,000. ஆறு அம்மோனியா சூழ்ந்தால் சுமார் 23,000. உயர் சுழற்சி என்றால் மூவரில் 4, இருவரில் 2: நிலைப்படுத்தும் ஆற்றல் 4 × (−0.4) + 2 × 0.6 = −0.4 டெல்டா, ஜோடி ஒன்று. தாழ் சுழற்சி என்றால் ஆறும் மூவரிடம்: −2.4 டெல்டா, ஜோடி மூன்று. ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் 2 டெல்டா லாபம், இரண்டு ஜோடி கூடுதல் செலவு. ஃபுளோரைடில் லாபம் 26,000, செலவு 42,000. நடக்காது. அம்மோனியாவில் லாபம் 46,000, செலவு அதே 42,000. நடக்கும். அதனால்தான் ஃபுளோரைடு அணைவில் நான்கு இணையாகாத எலக்ட்ரான், அம்மோனியா அணைவில் ஒன்றும் இல்லை.

இந்தக் கணக்கில் பலரும் செய்யும் தவறு, உயர் சுழற்சியிலும் ஒரு ஜோடி இருப்பதை மறந்துவிட்டு மூன்று ஜோடிக்கும் செலவு எழுதுவது. ஆறு எலக்ட்ரானை ஐந்து இடத்தில் எப்படி வைத்தாலும் ஒரு ஜோடி உண்டு. வித்தியாசத்தை மட்டும் எண்ணுங்கள்.

இன்னொரு பொறி: தண்ணீர் வலிமை குறைந்த புல ஈனி என்று படித்துவிட்டு, ஆறு தண்ணீர் சூழ்ந்த கோபால்ட் +3ஐ உயர் சுழற்சி என்று எழுதிவிடுவார்கள். அது தாழ் சுழற்சி. ஈனி மட்டும் முடிவு செய்வதில்லை, உலோகத்தின் மின்சுமைக்கும் பங்கு உண்டு. தனி அயனியில் அளந்த இணையாக்கும் ஆற்றலும் அணைவுக்குள் வந்ததும் குறைந்துவிடும், எலக்ட்ரான் மேகம் ஈனிகளின் பக்கம் கொஞ்சம் பரவி விரிவதால். எல்லைக்கு அருகில் இருக்கும் அணைவுகளில் இந்த அட்டவணை எண்களை ரொம்ப நம்பக்கூடாது.

உலோகம் எவ்வளவு மாற்றும் என்பதற்கு அம்மோனியாவை மட்டும் வைத்துக்கொண்டு பாருங்கள். கோபால்ட் +2க்கு டெல்டா சுமார் 10,000. அதே கோபால்ட் +3 ஆனதும் 23,000. அதே தொகுதியில் கீழே இறங்கினால் ரோடியம் +3க்கு 34,000, இரிடியம் +3க்கு 41,000. இரண்டாம், மூன்றாம் வரிசை இடைநிலை உலோகங்களின் எண்முகி அணைவுகள் ஏறக்குறைய எப்போதும் தாழ் சுழற்சியாகவே இருப்பதற்குக் காரணம் இதுதான். அங்கே இணையாக்கும் ஆற்றலைத் தேடி அலையாதீர்கள்.

சரிபார்க்கும் வழிகள்

வரைந்த படம் சரியா என்பதைக் காந்தத்தை வைத்துப் பார்க்கலாம். இணையாகாத எலக்ட்ரான் எண்ணிக்கையோடு 2 சேர்த்து, அதை அந்த எண்ணிக்கையாலேயே பெருக்கி, வர்க்கமூலம் எடுத்தால் காந்தத் திருப்புத்திறன், போர் மேக்னட்டான் அலகில். ஒன்றுக்கு 1.73, இரண்டுக்கு 2.83, மூன்றுக்கு 3.87, நான்குக்கு 4.90, ஐந்துக்கு 5.92.

இதில் எனக்கு ஒரு பழைய குற்ற உணர்ச்சி உண்டு. ஆய்வகத்தில் கூய் தராசில் (காந்தப் புலத்தில் எடை எவ்வளவு மாறுகிறது என்று காட்டும் தராசு) பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடை நிறுத்துப் பார்த்தேன். இரும்பு +3, ஐந்து எலக்ட்ரான், சயனைடு வலிமையான ஈனி, எல்லாம் மூவரிடம், இணையாகாதது ஒன்று. விடை 1.73 வர வேண்டும். எனக்கு 2.3க்குப் பக்கத்தில் வந்தது. குழாயில் தூள் சரியாக நிரம்பவில்லை என்று நினைத்து, பதிவேட்டில் எடையைக் கொஞ்சம் 'திருத்தி' 1.7 என்று எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டேன். பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது, அந்த உப்புக்கு அளந்தால் 2.3 அளவில்தான் வரும். மூவர் அணியில் ஒருவரிடம் மட்டும் ஓர் இடம் காலியாக இருக்கும்போது அந்தக் காலியிடம் மூன்றுக்கும் இடையே சுற்றி வர முடிகிறது. அந்தச் சுற்றலும் கொஞ்சம் காந்தம் தருகிறது. சுழற்சியை மட்டும் எண்ணும் சூத்திரத்தில் அதற்கு இடமில்லை. ஆகவே மூவர் அணி சமமாக நிரம்பாத அயனிகளில் அளந்த மதிப்பு கூடுதலாக வந்தால் திருத்தாதீர்கள்.

நிறம் இரண்டாவது சாட்சி, ஆனால் குறும்புக்காரச் சாட்சி. ஆறு தண்ணீர் சூழ்ந்த டைட்டானியம் +3இல் எலக்ட்ரான் ஒன்றே ஒன்று. அது மூவரிடமிருந்து இருவரிடம் தாவ 20,300 செ.மீ.⁻¹ வேண்டும். ஒரு கோடியை அந்த எண்ணால் வகுத்தால் அலைநீளம் நானோமீட்டரில் வரும்: 493. நீலப்பச்சை ஒளி உறிஞ்சப்படுகிறது, சிவப்பும் ஊதாவும் தப்பித்து வருகின்றன, கரைசல் கத்தரிப்பூ நிறம். கிலோஜூலில் வேண்டுமானால் 0.01196ஆல் பெருக்குங்கள்: மோலுக்கு 243. சாதாரண வேதிப் பிணைப்பு ஒன்றின் ஆற்றலோடு ஒப்பிடக்கூடிய அளவு இது, சின்ன விஷயமல்ல.

இந்த எளிமையைப் பார்த்து எல்லா நிறத்திலிருந்தும் டெல்டாவை எடுக்கக் கிளம்பிவிடாதீர்கள். எலக்ட்ரான் ஒன்றுக்கு மேல் போனால் அவை ஒன்றையொன்று விரட்டுவதும் சேர்ந்து, ஒளியை உறிஞ்சும் பட்டைகள் பலவாகும். 3, 8 எலக்ட்ரான் அயனிகளுக்கு, சுழற்சி மாறாத பட்டைகளில் ஆற்றல் குறைந்ததுதான் டெல்டா. நிக்கல் +2 தண்ணீரில் பச்சையாக இருக்கிறது, ஆனால் அதன் டெல்டா சுமார் 8,500. அதாவது அந்தப் பட்டை அகச்சிவப்புக்குள் இருக்கிறது, கண்ணுக்கே தெரியாது. நாம் பார்க்கும் பச்சை மற்ற இரண்டு பட்டைகளின் வேலை. இருந்தாலும் எல்லாப் பட்டைகளும் டெல்டாவோடு சேர்ந்தே நகர்வதால் ஒப்பீடு உதவும். நிக்கல் சல்ஃபேட் கரைசலில் அம்மோனியாவை நிறையச் சேர்த்தால் பச்சை போய் நீலம் வரும், டெல்டா 10,800. எத்திலீன் டைஅமீன் சேர்த்தால் ஊதா, 11,500 அளவு. மூன்று சோதனைக் குழாய்களைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துங்கள், வரிசையின் ஒரு துண்டு கண் முன்னே நிற்கும்.

மாங்கனீசு +2 கரைசல் வெளிறிய இளஞ்சிவப்பு, பெரும்பாலும் நிறமே இல்லாதது போலத் தெரியும். உயர் சுழற்சியில் ஐந்து இடத்திலும் ஒவ்வொன்று. எந்தத் தாவலுக்கும் சுழற்சியைத் திருப்பியாக வேண்டும், அதற்கு அனுமதி அரிது. பெர்மாங்கனேட்டின் அடர் ஊதா வேறு கதை. அங்கே டி எலக்ட்ரானே இல்லை, ஆக்சிஜனிலிருந்து உலோகத்துக்கு எலக்ட்ரான் தாவுகிறது. நிறம் என்றால் டி–டி தாவல் என்று எழுதும் பழக்கத்தை விடுங்கள்.

தாமிரம் +2 பற்றி ஒரு வரி. இருவர் அணியில் மூன்று எலக்ட்ரான், சமமாகப் பங்கிட முடியாது. அதனால் எண்முகியே கோணிக்கொள்கிறது: நான்கு ஈனி கிட்ட, இரண்டு எட்ட. யான் – டெல்லர் விளைவு. களிமண் உருண்டையின் மேல், கீழ்க் குச்சிகளைக் கொஞ்சம் வெளியே இழுத்துவிட்டால் போதும்.

மூன்று அலமாரி

இதுவரை ஈனியை ஒரு மின்சுமைப் புள்ளியாக மட்டுமே நடத்தினோம். அந்தக் கணக்கில் என் பழைய கேள்விக்குப் பதில் கிடையாது. ரியூதாரோ சுச்சிதா 1938இல் கோபால்ட் அணைவுகளின் நிறமாலையைப் பார்த்து வரிசைப்படுத்தியது சோதனையிலிருந்து வந்தது. மின்சுமையை வைத்துப் பார்த்தால் அந்த வரிசை தாறுமாறு. அயோடைடு, புரோமைடு, குளோரைடு, ஃபுளோரைடு, ஹைட்ராக்சைடு, தண்ணீர், அம்மோனியா, எத்திலீன் டைஅமீன், நைட்ரைட், சயனைடு, கார்பன் மோனாக்சைடு. ஹைட்ராக்சைடுக்கு மின்சுமை உண்டு, தண்ணீருக்கு இல்லை. ஆனாலும் தண்ணீர்தான் மேலே.

ஈனியின் தனித்த இரட்டை உலோகத்தோடு உண்மையாகவே பிணைகிறது என்று எடுத்துக்கொண்டால் படம் மாறுகிறது. ஆறு ஈனிகளின் ஆறு இரட்டைகள் உலோகத்தின் எஸ், மூன்று பி, இருவர் அணி, ஆக ஆறு ஆர்பிட்டால்களோடு சிக்மா பிணைப்பு (அச்சு வழியாக நேருக்கு நேர் சேரும் பிணைப்பு) அமைக்கின்றன. இரண்டு ஆர்பிட்டால் சேர்ந்தால் ஒரு மட்டம் கீழே இறங்கும், அது பிணைப்பு; இன்னொன்று மேலே ஏறும், அது எதிர்பிணைப்பு. பன்னிரண்டு எலக்ட்ரானும் கீழே பிணைப்பு மட்டங்களில் போய் உட்கார்ந்துவிடும். நாம் இத்தனை நேரம் 'இருவர் அணி' என்று வரைந்தது உண்மையில் அந்தப் பிணைப்பின் எதிர்பிணைப்புப் பாதி. அது மேலே போனதற்குக் காரணம் வெறும் விரட்டல் அல்ல, மேற்பொருந்தல். பிணைப்பு வலுவாக வலுவாக அதன் எதிர்பிணைப்பு மட்டம் உயரும். மூவர் அணி சந்துகளில் இருப்பதால் சிக்மாவில் சேர்வதே இல்லை, இருந்த இடத்திலேயே இருக்கும்.

சந்தில் இருக்கும் மூவருக்கு வேறு வேலை உண்டு. தீக்குச்சிக்கு இரண்டு பக்கமும் நீளும் இதழ்கள் ஈனியின் பக்கவாட்டு ஆர்பிட்டாலைத் தொடலாம். இது பை பிணைப்பு. எக்ஸ்ஒய் இதழ்கள் கிடைமட்டத்தில் உள்ள நான்கு ஈனிகளையும் பக்கவாட்டில் தொடும், ஒவ்வொன்றுக்கும் பங்கு 1. மொத்தம் 4. ஓரத்தில் எழுதி வைத்த 3ஐ இப்போது எடுங்கள். டெல்டா = 3 × சிக்மா − 4 × பை. இங்கே சிக்மா, பை என்பவை அந்தந்தப் பிணைப்பில் பங்கு 1க்கு உலோக மட்டம் எவ்வளவு ஏறும் என்ற அளவு. என் வகுப்பில் மனப்பாடம் செய்யச் சொல்லும் ஒரே சூத்திரம் இதுதான்.

இதில் பையின் குறிதான் ஆட்டத்தை முடிவு செய்கிறது. ஈனியிடம் பக்கவாட்டிலும் நிரம்பிய இரட்டைகள் இருந்தால் அவை மூவர் அணியை மேலே தள்ளும், பை மதிப்பு நேர், டெல்டா சுருங்கும். ஹாலைடுகள், ஹைட்ராக்சைடு, ஓரளவு தண்ணீர் இந்த அலமாரி. தண்ணீருக்கு உதவக்கூடிய கூடுதல் இரட்டை ஒன்று, ஹைட்ராக்சைடுக்கு இரண்டு. ஹைட்ராக்சைடு கீழே போனதன் மர்மம் இதுதான். அம்மோனியாவிடம் இருந்த ஒரே இரட்டையும் சிக்மாவுக்குப் போய்விட்டது. பை பூஜ்ஜியம், அது நடு அலமாரி. எத்திலீன் டைஅமீனும் அங்கேதான். மூன்றாவது அலமாரியில் இருப்பவர்களிடம் பக்கவாட்டில் காலியான எதிர்பிணைப்பு ஆர்பிட்டால் இருக்கிறது. உலோகத்தின் மூவர் அணி எலக்ட்ரான்கள் அதற்குள் சாய்ந்து கீழே இறங்குகின்றன. பை மதிப்பு எதிர்க்குறி, கழித்தல் கூட்டலாகிறது, டெல்டா எகிறுகிறது. சயனைடும் கார்பன் மோனாக்சைடும் இங்கே.

ஆக, கார்பன் மோனாக்சைடு யாரையும் விரட்டி முதலிடம் பிடிக்கவில்லை. வாங்கிக்கொண்டு பிடித்தது.

புதிய ஈனி ஒன்று கேள்வித்தாளில் வந்தால் செய்ய வேண்டியதும் இதுவே. உலோகத்தோடு இணையும் அணுவை மட்டும் பாருங்கள். சிக்மாவுக்குக் கொடுத்த பிறகும் அதனிடம் இரட்டை மிச்சம் இருக்கிறதா? கீழ் அலமாரி. எதுவும் இல்லையா? நடு. அந்த அணு கார்பன் மோனாக்சைடு, சயனைடு போலப் பன்மடங்குப் பிணைப்பில் இருக்கிறதா, அல்லது பாஸ்பீனில் உள்ள பாஸ்பரஸ் போலக் காலியிடம் தரக்கூடியதா? மேல் அலமாரி. அலமாரிக்குள் யார் முன்னே, யார் பின்னே என்பதில் சந்தேகம் வரலாம், அலமாரி பெரும்பாலும் தவறாது.

வாங்குகிறது என்பதற்குச் சாட்சி வேண்டுமென்றால் அகச்சிவப்பு நிறமாலையை எடுங்கள். தனியாக இருக்கும் கார்பன் மோனாக்சைடின் அதிர்வு 2143 செ.மீ.⁻¹. மாங்கனீசு +1ஐ ஆறு கார்பன் மோனாக்சைடு சூழ்ந்த அணைவில் அது சுமார் 2090. மின்சுமையற்ற குரோமியத்தில் சுமார் 2000. வனேடியம் −1இல் சுமார் 1860. மூன்றிலும் டி எலக்ட்ரான் ஆறுதான், மூவர் அணி நிரம்பியதுதான். உலோகத்தின் நேர்மின்சுமை குறையக் குறைய அது தாராளமாகக் கொடுக்கிறது. கொடுத்தது போய்ச் சேர்வது கார்பன்–ஆக்சிஜனின் எதிர்பிணைப்பு ஆர்பிட்டாலில். ஆகவே அந்தப் பிணைப்பு தளர்கிறது, அதிர்வு இறங்குகிறது.

ஒரு பயிற்சி தருகிறேன், கரும்பலகையில் பதில் எழுதாமல் விட்டுவிடுவது என் வழக்கம். குரோமியம் ஹெக்ஸாகார்பனைலில் ஒரு கார்பன் மோனாக்சைடை எடுத்துவிட்டு டிரைஃபினைல் பாஸ்பீனை வைக்கிறோம். பாஸ்பீன் வாங்கும், ஆனால் கார்பன் மோனாக்சைடு அளவுக்கு வாங்காது. மிச்சமிருக்கும் ஐந்து பேரில் அதிகப் பங்கு யாருக்குப் போகும்? களிமண் உருண்டையைத் திரும்ப எடுத்து, பாஸ்பீன் குச்சியை மேலே பார்க்கும்படி பிடியுங்கள். அது பக்கவாட்டில் தொடும் ஒய்இசட், இசட்எக்ஸ் இரண்டையும் முழுமையாகப் பகிர்ந்துகொள்ளும் இன்னொரு குச்சி எது என்று பாருங்கள். அந்தக் குச்சியின் குரோமியம்–கார்பன் தூரம்தான் மற்ற நான்கைவிடக் குறைவாக அளக்கப்பட்டிருக்கிறது.